மை வைக்காத எலக்ஷன்

1

நான் இருக்கும் ஊரில் ஓட்டுப் போட்டால் விரலில் மை வைக்க மாட்டார்கள். இதை நெய்வேலியில் யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். "அப்புறம் எப்படிங்க கண்டுபுடிப்பாங்க, ஒருத்தரே ரெண்டு தடவ போட்டா?" என்று போன தடவை ஊருக்கு வந்தபோது ஓர் ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டே கேட்டார். பட்டியலில் பெயர் இருக்கும், அதன்மேல் அளவுகோலை வைத்துப் பென்சிலால் ஒரு கோடு போடுவார்கள், அவ்வளவுதான் என்றேன். பென்சிலா என்றார். ஆமாம், ஓட்டுப் போடுவதும் பென்சிலால்தான் என்றேன். அதன்பிறகு மெயின் பஜார் வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

இருபது வருடங்களுக்கு மேலாகக் கனடாவில், ஆற்றோரத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறேன். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசை வேலை. இங்கே குடியுரிமை வாங்கியபோது இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் 'சரண்டர்'. காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு வந்து செய்வதற்கும் அதே பெயர்தான். சரண்டர் செய்ததற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைத் தொலைத்துவிட்டால் பிறகு விசா முதல் எந்தக் காகிதமும் நகராது. நான் தொலைக்கவில்லை, பத்திரமாக இருக்கிறது. என் நெய்வேலி ஓட்டுதான் அதோடு போய்விட்டது.

அதனாலோ என்னவோ, இங்கே ஓட்டுப் போடுவதில் எனக்குக் கொஞ்சம் அதிகப்படியான பக்தி. நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்குச்சாவடியில் ஒரு நாள் வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்று அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிட்டேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. நடந்து சில வாரங்கள் ஆகிவிட்டன, எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

2

பயிற்சி வகுப்பு ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் நடந்தது. ஆறிப்போன காபி, மடக்கு நாற்காலிகள், தடிமனான ஒரு கையேடு. வேறு நாடுகளின் தேர்தல்களில் அந்நிய சக்திகள் கணினிகளுக்குள் புகுந்ததாகவும் பொய்ச் செய்திகளைப் பரப்பியதாகவும் வானொலியில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. எனவே ஒருவர் எழுந்து, நம் தேர்தலை ஹேக் செய்துவிட மாட்டார்களா என்று கேட்டார். பயிற்சி கொடுத்த மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இதை எந்த நாட்டுக்காரனும் ஹேக் செய்ய முடியாது" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் அவர் இன்னொன்றும் சொன்னார். அவர்கள் பெட்டிக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை, வாக்காளர் பெட்டி வரைக்கும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். நான் அதைக் கையேட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

அந்நிய சக்தி என்றதும் எனக்குத் தோன்றிய காட்சி எதுவென்றால், ஒரு குளிர்ந்த அறை, சுவர் முழுக்கத் திரைகள், இறுகிய முகத்தோடு சீருடையில் சிலர். அங்கே குக்கர் விசில் கேட்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் மகள் மது பெருநகரத்தில் தங்கிப் படிக்கிறாள். இதுதான் அவளுக்கு முதல் ஓட்டு. முகவரி மாற்றிப் பதிவு செய்தாயா என்று கேட்டால், "அம்மா, ஆன்லைன்ல பாதிப் பேரு ஆளே கிடையாது. சண்ட போடறது பூரா பொய் ஆளுங்க. இதுக்கு நான் எதுக்கு லைன்ல நிக்கணும்?" என்றாள். அவள் தமிழில் இவ்வளவு நீளமாகப் பேசியதே அபூர்வம். அந்தச் சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க முடியாமல் செய்துவிட்டாள்.

நெய்வேலியில் எங்கள் அப்பா சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து, வீட்டுக்குக்கூட வராமல், நேராக சைக்கிளில் பூத்துக்குப் போவார். பெர்மனன்ட் ஆன தொழிலாளி என்பதில் அவருக்கு எவ்வளவு பெருமையோ, அவ்வளவு பெருமை டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் பள்ளிக்கூடத்தில் முதல் ஆளாக மை வைத்துக்கொண்டு வருவதிலும். நானும் தங்கையும் அவர் விரலைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்போம்.

3

இடையில் என் ஆங்கிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழில் எல்லாவற்றையும் போடலாம். லைட் போடலாம், டீ போடலாம், போன் போடலாம், சண்டை போடலாம், ஓட்டுப் போடலாம். இதை நான் அப்படியே தூக்கிக்கொண்டு கப்பலேறிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நோயாளிகளிடம் "ஐ வில் புட் யூ எ போன்" என்பேன். பல் மருத்துவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். மது பள்ளியில் படித்தபோது, நான் ஒரு நாளைக்கு எத்தனை 'புட்' போடுகிறேன் என்று எண்ணுவதே அவளுக்கு விளையாட்டு.

சிரிக்காத ஒரே ஆள் பக்கத்து வீட்டு டோரத்தி. எண்பதைத் தாண்டிய அம்மாள். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். நான் "புட் த லைட்" என்றால் பேசாமல் லைட்டைப் போடுவார். ஒருமுறை நான் வீடியோவில் என் தங்கை செல்வியோடு பேசிக்கொண்டிருந்தபோது கேரட் கேக்கோடு உள்ளே வந்தவர், செல்வியோடும் சிநேகமாகிவிட்டார். செல்வியின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே அச்சு. அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது செல்வி ஒரு டப்பா நிறைய முந்திரி கொடுத்தனுப்பினாள். டோரத்தி பதிலுக்குக் கம்பளிக் குல்லா பின்னி அனுப்பினார். நெய்வேலி வெயிலில் அதை எவன் போடுவான். இருவரும் இன்றுவரை வாட்ஸப்பில் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள்.

4

எங்கள் சிற்றூருக்கு முகநூலில் ஒரு பொதுப் பக்கம் உண்டு. காணாமல்போன பூனை, விற்பனைக்குப் பழைய சோபா, பனி அள்ள ஆள் தேவை, இவைதான் அதில் வரும். தேர்தலுக்கு முந்தைய வாரம் அதில் ஜெனிஃபர் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பாலத்துக்குப் பக்கத்தில், பேக்கரிக்குப் பின்னால் குடியிருக்கிறாளாம், இரண்டு பிள்ளைகளாம். முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாளில் நேரில் பார்த்ததாக எழுதியிருந்தாள்: வெளியாட்கள் சிலர் விரல் மையை முந்திரிக்கொட்டை எண்ணெய் தொட்டு அழித்துவிட்டு, ஆளுக்கு இரண்டு ஓட்டுப் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் அந்தக் கடைசி வரி, 'ஒன் மேன் இஸ் புட்டிங் டூ வோட்ஸ்' என்று இருந்தது.

எந்த மை என்று ஊரே சிரித்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். இது நம்ம பக்கத்து ஆள் எவனோ செய்த வேலை, கையும் களவுமாக மாட்டிக்கொண்டான் என்று எனக்கு ஒரே குஷி.

மறுநாள் போய்ப் பார்த்தால் சிரிப்பு வேறு திசையில் போயிருந்தது. மற்ற நாடுகளில் எல்லாம் மை வைக்கிறார்களே, நமக்கு ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். முன்பு இருந்தது, இப்போதைய அரசாங்கம்தான் எடுத்துவிட்டது என்று இன்னொருவர் பதில் சொல்லியிருந்தார். சின்ன வயதில் தன் தாத்தா விரலில் பார்த்ததாக மூன்றாவது ஆள். இல்லாத மையை ஒரே ராத்திரியில் கொண்டுவந்து, காணாமலும் போகச் செய்துவிட்டார்கள்.

தேர்தல் வேலை பார்க்கப் போகிறவள் என்ற கடமையுணர்ச்சியில், அந்நியத் தலையீடு பற்றித் தெரிவிக்க அரசாங்கம் கொடுத்திருந்த எண்ணைக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலையவிட்டு, வெகுநேரம் பியானோ வாசித்துக் காட்டி, ஒரு பெண்ணிடம் கொண்டுவிட்டார்கள்.

"எந்த நாட்டின் மீது சந்தேகப்படுகிறீர்கள்?"

தெரியாது என்றேன்.

"பின் எப்படி வெளிநாடு என்கிறீர்கள்?"

இங்கே மை கிடையாது, முந்திரிக்கொட்டையும் கிடையாது என்றேன். டப்பாவில் உப்புப் போட்டு வரும் முந்திரியைத்தான் அவளுக்குத் தெரியும். அதற்கு ஓர் ஓடு உண்டு, ஓட்டில் எண்ணெய் உண்டு, பட்டால் தோல் உரியும் என்று அந்த அரசாங்க ஊழியருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதாயிற்று. எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டாள். தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றாள். இதுவரை கூப்பிடவில்லை.

அன்று மாலை ஜெனிஃபர் மறுபடி எழுதினாள். நம்பாதவர்களுக்குப் பதில். அவளுடைய பெரியப்பாவே ஒருமுறை இப்படி எண்ணெய் தொட்டு மையை அழிக்கப் பார்த்தாராம். மையோடு தோலும் வந்துவிட்டதாம். விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவரை, பாம்பு கடித்துவிட்டது என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சமாளித்தாராம். என்ன வகைப் பாம்பு என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டிருந்தார்.

அந்த வரிகளைத் திரும்பப் படித்தேன். காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருந்த எங்கள் பெரியப்பாவின் கதை அது. பாம்பு என்று சொன்னது எங்கள் பெரியம்மா. பெரியப்பாவுக்கு அவமானம் என்று குடும்பத்துக்கு வெளியே யாரும் இதைப் பேசியதில்லை. பேசக்கூடிய ஆட்களில் இப்போது உயிரோடு இருப்பது இரண்டே பேர். அதில் ஒருத்தி நான்.

5

"ஜெனிஃபர் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. செல்வி மறுப்பாள், மழுப்புவாள் என்று எதிர்பார்த்து, அதற்கு என்ன சொல்வது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவளோ சந்தோஷமாகக் கத்தினாள்.

"அய்யோ அக்கா, படிச்சிட்டியா? எப்படி இருந்துச்சு? நல்லா எழுதியிருக்கேன்ல?"

ஆங்கில இலக்கியம் படித்தவள். தனியார் பள்ளி ஒன்றில் கம்மியான சம்பளத்துக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தவள். அவள் எழுதிய ஒரு வரியை யாரும் இதுவரை படித்ததில்லை என்பது அந்தக் குரலில் தெரிந்தது. எனக்குக் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

"எவ்ளோ நாளா இத பண்ணிகினு இருக்க?"

"பொங்கலுக்கு அப்புறமா. குள்ளஞ்சாவடியில முந்திரிக் கடைக்கு மேல ஒரு ஆபீஸ் இருக்குது. கன்டென்ட் ஆபீஸுன்னு பேரு. நான் வூட்லருந்தே எழுதி அனுப்பறேன். எங்க வூட்டுக்காரரு இன்னும் சொரங்கத்துல கான்ட்ராக்ட்லதான் போய்கினு இருக்காரு, ஒனக்குத் தெரியாததா. பையன காலேஜ்ல சேக்கணும்."

"வேலை யாருடி குடுக்குறது?"

"மெட்ராஸ்ல ஒருத்தரு. அவருக்கு யாரோ வேற நாட்டுக்காரங்க. அதெல்லாம் கேட்டா அடுத்த வாரம் வேலை வராதுக்கா. உள்ளூர்க்காரங்க பேசுற மாதிரியே இருக்கணும், ஓட்டு மேல சந்தேகம் வரணும், அவ்ளோதான் சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே கனடா ஊரு ஒன் ஊருதானே? பாலம், பேக்கரி, எல்லாம் நீ சொன்னதுதான்."

"மை எங்கருந்துடி வந்துச்சு?"

"மை வைக்காம எப்படிக்கா எலக்ஷன் நடத்துவாங்க?"

அந்த ஆட்டோக்காரரும் இதைத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதையும் கோபத்தில் சேர்த்துக்கொண்டேன். அழித்துவிடு என்றேன். ஜெனிஃபரின் முகநூல் கணக்கு அவள் கையில் இல்லையாம். இவள் எழுதி அனுப்புவதை வேறு யாரோ போடுவார்களாம்.

"இது பெரிய குத்தம் செல்வி. ஒரு நாட்டு எலக்ஷன்ல வெளிய இருக்கிறவங்க வந்து கைய வைக்கக் கூடாது."

"நீ வைக்கலயா?" என்றாள். அவள் குரலில் இப்போது சந்தோஷம் இல்லை. "ஒவ்வொரு எலக்ஷனுக்கும் போன் போட்டு, அவனுக்குப் போடாதீங்க, இவனுக்குப் போடுங்கன்னு உயிர எடுப்பியே. ஒனக்கு இங்க ஓட்டு இருக்குதா? அப்பா போறவரைக்கும் நீ சொன்ன சின்னத்துலதான் போட்டாரு."

"அது குடும்பம்டி."

"நானும் குடும்பத்துக்குத்தான் எழுதறேன். எங்கயோ கெடக்கிற யாரோ படிச்சிட்டுச் சிரிச்சிட்டுப் போறாங்க. இதனால யாருக்கு என்னா ஆயிப்போச்சு, சொல்லு?"

 போனை வைத்துவிட்டேன். நாலு நாள் பேசவில்லை. அரசாங்க எண்ணை மறுபடி கூப்பிட்டு அவள் பெயரைச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். முந்திரிக்கே அவ்வளவு நேரம் எடுத்த பெண்ணிடம், குள்ளஞ்சாவடியை எழுத்துக்கூட்டி, அதில் என் தங்கையை எங்கே என்று காட்டுவது? அதைவிட, அவளுக்கு வேலை கொடுத்தவன் யாரென்று எனக்குத் தெரியாது. என்னால் பிடித்துக் கொடுக்க முடிந்தது செல்வி ஒருத்தியைத்தான். அந்த இயலாமையில் வந்த ஆத்திரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன்.

6

எங்கள் வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில். ஒரு மேசை, பட்டியல், அளவுகோல், கூர் சீவிய பென்சில்கள். காலையிலிருந்து கூட்டம் சீராக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பெயரின் மேலும் கோடு போடும்போது அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

பிற்பகலில் டோரத்தி வந்தார். தேவாலயத்துக்குப் போடும் நல்ல கோட்டு, உதட்டுச் சாயம். தபாலில் வந்த வாக்காளர் அட்டையை மேசையில் வைத்தார். கூடவே இடது கை ஆள்காட்டி விரலையும் நீட்டி வைத்தார்.

"மை எங்கே?" என்றார்.

இங்கே மை கிடையாது, எப்போதும் இருந்ததில்லை என்றேன்.

"எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே. எனக்கும் இருந்ததாகத்தான் ஞாபகம்." கொஞ்சம் யோசித்தார். "மையே இல்லாவிட்டால் யார் எத்தனை போட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

பட்டியலைக் காட்டினேன். பென்சிலைப் பார்த்ததும் அவர் முகம் இன்னும் சுருங்கியது. பென்சில்தானே, அழித்துவிடலாமே என்றார். வரிசை நீண்டது. மேற்பார்வையாளர் வந்து, வாக்காளர்களோடு வாதம் செய்யக்கூடாது என்று என் காதில் சொன்னார். டோரத்தி அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உன்மீது எனக்குக் கோபம் இல்லை, கண்ணு" என்றார். "இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட விட்டதில்லை. இப்போது ஏமாளியாக இருக்க விருப்பமில்லை."

பெட்டி அவருக்கு எதிரிலேயே இருந்தது. அவர் திரும்பி, சுவரோரக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து வெளியே போனார்.

சாயங்காலம் சாப்பாட்டு இடைவேளை கிடைத்ததும் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். நெய்வேலியில் அப்போது இன்னும் விடியவில்லை. செல்வியின் கணவருக்கு பர்ஸ்ட் ஷிப்ட், அவள் எழுந்து சமைத்துக்கொண்டிருப்பாள் என்று தெரியும். எடுத்தாள்.

"யாருக்கு என்னா ஆயிப்போச்சுன்னு கேட்டியே. ஒரு வயசானவங்க ஓட்டே போடாம வூட்டுக்குப் போயிட்டாங்க. விரல நீட்டி மை கேட்டாங்கடி எங்கிட்ட. நீ எழுதனதுதான்."

"யாரு?"

"டோரத்தி."

கரண்டி சத்தம் நின்றது.

"குல்லா பின்னிக் குடுத்தாங்களே, அவங்களா?"

"அவங்கதான்."

"அவங்க எதுக்குக்கா அதப் போய் நம்பனாங்க?" என்றாள். அழுகிறாளா, என்மேல் எரிந்து விழுகிறாளா என்று புரியவில்லை. "அவங்களுக்கு நான் முந்திரி குடுத்தனுப்பிச்சேன்ல" என்று சம்பந்தமில்லாமல் சொன்னாள். பிறகு போன் கட்டாகிவிட்டது. மறுபடி முயன்றேன். பிசியாக இருந்தது. எனக்கு இடைவேளை முடிந்துவிட்டது, போனை வண்டியிலேயே போட்டுப் பூட்டிவிட்டு உள்ளே போனேன்.

கதவைச் சாத்துவதற்குக் கொஞ்சம் முன்பு, கூடம் காலியாகிக்கொண்டிருந்தபோது, டோரத்தி மறுபடி வந்தார். இந்த முறை சாயம் இல்லை, கோட்டுக்குக் கீழே வீட்டுச் செருப்பு. அட்டையை மேசைமேல் வைத்தார். விரலை நீட்டவில்லை.

"மை உங்கள் ஊருடையதாம். உன் தங்கை போனில் சொன்னாள்" என்றார். பிறகு நிமிர்ந்து நின்று, கொஞ்சம் கனமான குரலில், தப்பே இல்லாத ஆங்கிலம் எண்பது வருடம் பேசிய அந்த வாயால் சொன்னார்:

"ஐ ஹேவ் கம் டு புட் மை வோட்."

பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நான் அளவுகோலை எடுத்து டோரத்தியின் பெயர்மேல் வைத்து, ஒரு கோடு போட்டேன். 

எண்ணி முடித்து, மூட்டை கட்டி, வண்டிக்கு வந்து போனை எடுத்தேன். செல்வியிடமிருந்து செய்தி வந்திருந்தது.

'அந்தம்மா வந்தாங்களா?'

வந்தாங்க, போட்டாங்க என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. தட்டத் தயாராகக் காத்திருந்தாள்போல.

'நல்லதுக்கா. கனடா இனிமே எழுத மாட்டேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன். அடுத்த மாசத்துக்கு வேற நாடு குடுத்திருக்காங்க, அங்க எனக்கு யாரையும் தெரியாது.'

நான் இஞ்சினைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். கீழே நாட்டின் பெயரை எழுதி, இன்னொரு வரியும் எழுதியிருந்தாள்.

'அந்த ஊர்ல மை வைப்பாங்களாக்கா?'

இன்றுவரை நான் பதில் போடவில்லை.